நூறாவது மெட்டுக்குப் பிறகு வாங்கிய விசில்

நூறாவது மெட்டை நோட்டில் எழுதிய அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. டின் விசில் என்ற சின்னத் தகரக் குழலை ஊத ஆரம்பித்த முதல் மாதத்தில் எனக்கு நானே ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். தாளைப் பார்க்காமல் நூறு மெட்டு ஊத வந்ததும், அருமையான விசில் ஒன்று வாங்கிக்கொள்வது என்று. அதுவரை கையில் இருப்பதை வைத்தே ஓட்டுவது. அந்த நூறு வந்து சேர ஆறு வருடம் ஆனது. நடுவில் எத்தனையோ முறை கை துறுதுறுத்தது, ஆனாலும் வாக்கை மீறவில்லை. இப்போது வாங்கலாம் என்று ஆனதும், எதை வாங்குவது என்றே தெரியவில்லை.

தனக்கென்று ஒன்று வாங்கிக்கொள்வது சுலபமில்லை. வீட்டுக்கு, பிள்ளைக்கு என்றால் யோசிக்காமல் கை நீளும். நமக்கு என்று வரும்போது மட்டும் நூறு கேள்வி. அந்தக் கேள்விகளில் பாதி தேவையில்லாதவை, மீதிப் பாதி மிகவும் தேவையானவை. முதல் முறை நான் அந்தத் தேவையான கேள்விகளைக் கேட்காமலேயே வாங்கினேன். இரண்டாவது முறைதான் சரியாக வாங்கினேன். இரண்டையும் சொல்கிறேன்.

விசிலைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாதாரண டி விசில் (மேற்கத்திய இசையின் டி ஸ்வரத்தை ஸட்ஜமாகக் கொண்டது) ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மெல்லிய குழாய். முன்பக்கம் ஆறு துளை, அவ்வளவுதான். மேலே ஒரு தலைப்பகுதி. அதற்குள் தட்டையான ஒரு காற்றுப்பாதை. பாதை முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு சன்னல், சன்னலின் மறுகரையில் சரிவாகச் சீவிய விளிம்பு. ஊதிய காற்று பாதை வழியாக நேராகப் போய் அந்த விளிம்பில் மோதிப் பிளக்கிறது. அங்கேதான் ஒலி பிறக்கிறது. 1843ல் இங்கிலாந்தில் ராபர்ட் கிளார்க் என்ற விவசாயத் தொழிலாளி, மரத்தால் செய்த ஊதுகுழலைப் பார்த்து, வெள்ளீயம் பூசிய தகரத்தைச் சுருட்டி இதைச் செய்து விற்க ஆரம்பித்தார். கூம்பு வடிவக் குழாய், வாயில் ஒரு மரத்துண்டு. அதே அமைப்பில் கிளார்க் விசில் இன்றும் கிடைக்கிறது. அயர்லாந்தின் பாரம்பரிய இசை இந்தக் கருவியைத் தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்டது.

புல்லாங்குழல் பழகியவர்களுக்கு ஒன்றைச் சொன்னால் உடனே புரியும். புல்லாங்குழலில் உதடு செய்கிற வேலையை விசிலில் தலைப்பகுதி செய்கிறது. காற்றின் கோணம், அகலம், விளிம்புக்கு எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் செய்தவரே முடிவு செய்து பூட்டிவிட்டார். அதனால்தான் யார் ஊதினாலும் முதல் மூச்சிலேயே சத்தம் வருகிறது. அதே காரணத்தால், பிடிக்காவிட்டால் நாம் உதட்டை அசைத்துச் சரிசெய்யவும் முடியாது. நம் கையில் மிச்சம் இருப்பது மூச்சு மட்டும். ஆக, விசில் வாங்குவது என்பது வேறொருவர் செய்து வைத்த உதட்டை வாங்குவது. அது நம் மூச்சோடு ஒத்துப்போக வேண்டும். இதை நான் முதலில் புரிந்துகொள்ளவில்லை.

முதல் முறை நான் வாங்கியது மர விசில். கருப்பு மரம், இரண்டு பக்கமும் வெள்ளி நிற வளையம், படத்தில் பார்த்தபோதே மனசு போய்விட்டது. ஆப்பிரிக்க பிளாக்வுட் என்ற மரம். கிளாரினெட், ஓபோ எல்லாம் செய்கிற அதே மரம்தான். நம் ஈட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. இதை எல்லை தாண்டி அனுப்புவதில் ஒரு விஷயம் உண்டு. 2017ல் இந்த இனம் முழுவதும் சைட்டீஸ் என்ற, அழியக்கூடிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கைக்குள் வந்தது. இசைக்கருவி செய்பவர்கள் ஏற்றுமதிக் காகிதங்களோடு திண்டாடினார்கள். 2019 நவம்பர் கடைசியில் இருந்து, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. ஆனால் பிரேசிலிய ரோஸ்வுட் மட்டும் அந்த விலக்கில் வராது, அது இன்னும் கடுமையான பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து மரக் கருவி வாங்குகிறவர்கள் எந்த மரம் என்பதைப் பெயரோடு கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. இதையெல்லாம் நான் ஒழுங்காகக் கேட்டேன். அது எப்படி ஊதும் என்பதைத்தான் கேட்கவில்லை.

வந்து சேர்ந்த அன்று ஆறு துளையையும் மூடி, கீழ் ஸட்ஜத்தை ஊதினேன். அறை நிறைந்தது. அவ்வளவு கனமான, உருண்டையான ஸ்வரத்தை நான் அதுவரை ஊதியதே இல்லை. கண் கலங்கிவிட்டது. அப்புறம் மெட்டை ஆரம்பித்தேன். பாதி வரியில் மூச்சு தீர்ந்தது. மேல் ஸ்தாயிக்குப் போனால் பஞ்சமத்துக்கு மேல் தள்ளித் தள்ளி ஊத வேண்டியிருந்தது. தள்ளினால் காதைக் கிழித்தது, தள்ளாவிட்டால் ஸ்வரம் கீழ் ஸ்தாயிக்கு இறங்கியது. பத்து நிமிடத்தில் காற்றுப்பாதையில் ஈரம் கட்டி, குரல் கம்மிவிட்டது.

காரணம் பின்னால்தான் தெரிந்தது. குழாயின் உள்விட்டம் பெரிதாக இருந்தால் கீழ் ஸ்வரங்கள் பலமாக வரும், மேல் ஸ்தாயிக்கு மூச்சு அதிகம் கேட்கும். உள்விட்டம் சிறிதாக இருந்தால் மேலே சுலபமாக ஏறலாம், ஆனால் கீழே குரல் மெலியும். அந்த மர விசில் அகலக் குழாய். காற்றுப்பாதையும் உயரம். பெரிய மூச்சுக்காரருக்காகச் செய்தது. அதில் குறை ஒன்றும் இல்லை, அது எனக்கானது இல்லை. திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் கொடுத்திருக்கலாம். பழகினால் சரியாகிவிடும் என்று நம்பி ஒன்பது மாதம் வைத்திருந்தேன். மாதம் ஒருமுறை உள்ளே எண்ணெய் தடவுவேன், ஊதி முடித்ததும் துணி விட்டு ஈரம் துடைப்பேன், வெயில் படாமல் வைப்பேன். குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். ஊதுவதற்கு மட்டும் கை பழைய பித்தளைக் குழாயைத்தான் தேடியது. கடைசியில் திறந்த வெளியில் நாலைந்து பேரோடு சேர்ந்து வாசிக்கிற ஒரு நண்பருக்குக் கொடுத்தேன். அவர் நெஞ்சு நிறைய மூச்சு உள்ளவர். அவர் ஊதியபோது அந்த விசில் பாடியது. அன்றுதான் எனக்குத் தெளிவு வந்தது.

இரண்டாவது முறை தேடலை வேறு இடத்திலிருந்து ஆரம்பித்தேன். கையில் இருக்கும் பழைய விசிலில் எனக்கு என்ன போதவில்லை என்று முதலில் கண்டுபிடிப்பது. அதற்கு அந்தப் பழைய விசிலையே எவ்வளவு நன்றாக்க முடியுமோ அவ்வளவு நன்றாக்கினேன். பித்தளைக் குழாயும் பிளாஸ்டிக் தலையும் உள்ள மலிவு விசிலில், சன்னலுக்குள் எட்டிப் பார்த்தால் காற்றுப்பாதையின் தரைக்கு அடியில் ஒரு பள்ளம் தெரியும். சுவரில் தாள் ஒட்டுகிற ப்ளூ டாக் பசையைக் கொஞ்சம் உருட்டி, குழாய்ப் பக்கமாக உள்ளே விட்டு, ஒரு பென்சிலின் மழுங்கிய முனையால் அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். தரையின் முனையோடு சமமாக நிற்கட்டும், சன்னலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இதைச் செய்ததும் மேல் ஸ்தாயி நடுக்கம் குறைந்து நிலையாக நின்றது. தலை ஒட்டியிருந்தால், சுடுநீரில் தலைப்பகுதியை அரை நிமிடம் வைத்துத் துணியால் பிடித்து மெதுவாகத் திருகினால் பசை விடும். அப்புறம் தலையை ஏற்றி இறக்கிச் சுருதி சேர்க்கலாம். ஐந்து நிமிட வேலை. இந்த வேலையைச் செய்யாமல் யாரும் பெரிய விசில் வாங்கப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. செய்த பிறகும் குறை தெரிந்தால்தான் அது உண்மையான குறை.

எனக்குத் தெரிந்த குறை மூன்று. மேல் தைவதம் கூர்மையாகக் குத்தியது. மேலே ஏறும்போது சத்தம் சட்டென்று எகிறியது. கைசிகி நிஷாதம், அதாவது சின்ன நி, சுருதி கூடி நின்றது.

முதல் குறைக்குக் கணக்கு ஒன்று உண்டு. டி விசிலின் கீழ் ஸட்ஜம் 587 ஹெர்ட்ஸ். மேல் ஸ்தாயியின் தைவதம் ஏறக்குறைய 1976 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கிற பகுதி ஏறக்குறைய 2000 ஹெர்ட்ஸில் ஆரம்பிக்கிறது. அந்த வாசலில்தான் நம் தைவதம் போய் நிற்கிறது. நான் ஊதுவது பெரும்பாலும் இரவில், எல்லா வேலையும் முடிந்த பிறகு. மேல் தைவதம் வந்தால் பக்கத்து அறையில் என் மகள் கதவைச் சாத்திவிடுவாள். கோபத்தால் இல்லை, அவளுக்குப் படிக்க வேண்டும். ஆக, எனக்கு வேண்டியது சின்னக் குரல். மெதுவாக ஊதினாலும் மேல் ஸ்தாயியில் நிற்கிற, நயமான குரல். பலத்த விசில் எனக்கு எதற்கு?

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கேட்கப் போனேன். நண்பர்களிடம் இருந்த மூன்று நல்ல விசில்களைக் கடன் வாங்கினேன். என்னிடம் இருந்த பழையது ஒன்று, ஒரு கிளார்க் ஒன்று. மொத்தம் ஐந்து. எல்லாமே டி. ஒரே அறை, ஒரே நாற்காலி, இரண்டு மீட்டர் தள்ளி போன். மோகனத்தில் ஒரு சின்ன ஆலாபனை, அப்புறம் ரீல் என்ற வேகமான ஓர் ஐரிஷ் நடன மெட்டு, கடைசியில் மெதுவான ஒரு மெட்டு. ஐந்து விசிலிலும் அதே மூன்றும். மகளிடம் போனைக் கொடுத்து, வரிசையைக் கலைத்து, பெயர் சொல்லாமல் எண் மட்டும் சொல்லிப் போடச் சொன்னேன்.

"அம்மா, மூணாவதைத் திரும்பப் போடவா?" என்று அவளே கேட்டாள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது என்னவாக இருந்தது தெரியுமா? நண்பர் கடன் கொடுக்கும்போதே "இது ரொம்பச் சாது" என்று தயங்கிய ஒல்லியான பித்தளை விசில். ஊதும்போது எனக்கே அது பெரிதாகத் தோன்றவில்லை. ஊதும்போது உள்ளம் துள்ளிய இன்னொரு விசில், கேட்கும்போது மேலே கீச்சிட்டது. ஊதுபவரின் காது சன்னலிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் இருக்கிறது. காற்றின் இரைச்சல், விளிம்பில் வரும் கரகரப்பு எல்லாம் அவருக்குத்தான் அதிகம் கேட்கும். இரண்டு மீட்டர் தள்ளி அதெல்லாம் கரைந்து, ஸ்வரம் மட்டும் போய்ச் சேரும். அதனால் ஊதியும் பார்க்க வேண்டும், ஊதாமல் கேட்டும் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். தைரியமாக ஊதி முடித்ததும் உடனே முடிவு செய்யாதீர்கள், ஒரு நாள் விட்டுக் கேளுங்கள்.

கையில் எடுத்து ஊதிப் பார்க்கும்போது நான் பார்ப்பவற்றைச் சொல்கிறேன். முதலில் கீழ் ஸட்ஜம். மெதுவாகப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்ட வேண்டும். எவ்வளவு தூரம் தாங்குகிறது, எப்போது மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது என்று பார்க்க வேண்டும். மூச்சு கொஞ்சம் கூடியதுமே தாவினால் உணர்ச்சியோடு ஊத இடமில்லை. அடுத்து, மேல் பஞ்சமத்தையும் தைவதத்தையும் எவ்வளவு மெதுவாக ஊதிப் பிடிக்க முடிகிறது என்பது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு விசிலின் குணம் முழுவதும் இருக்கிறது. அப்புறம் கீழ் நிஷாதத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்குத் தாவுவது. காகலி நிஷாதத்தில், அதாவது பெரிய நியில், ஆறு துளையும் திறந்திருக்கும், அடுத்த ஸ்வரத்தில் ஐந்தை ஒரே நேரத்தில் மூட வேண்டும். நல்ல விசிலில் அந்த இடத்தில் தடுக்கல் தெரியாது. கைசிகி நிஷாதத்துக்கு முதல் துளையைத் திறந்து இரண்டையும் மூன்றையும் மூடுவோம். அது ஒத்து வருகிறதா என்று தம்பூரா செயலியைப் போட்டுப் பாருங்கள். ஐரிஷ் மெட்டுகள் பலவற்றில் இந்த ஸ்வரம் வரும். தவிர, ஸ்தாயிக்கு ஸ்தாயி சுருதி ஒன்றாக இருக்க வேண்டும். பல விசில்களில் மேல் ஸ்தாயி கொஞ்சம் சுருதி குறைந்தோ கூடியோ நிற்கும். மூச்சால் சரிக்கட்டலாம் என்பார்கள். முடியும்தான், ஆனால் காலம் முழுக்க அதைச் சுமக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ராகம் தெரிந்தவர்களுக்கு இந்த ஆறு துளை ஒரு பொக்கிஷம். டியை ஸட்ஜமாக வைத்தால் சங்கராபரணம். அதே துளைகளில் ரிஷபத்தை ஆதாரமாக எடுத்தால் கரகரப்பிரியா. மத்தியமத்தை எடுத்தால் கல்யாணி. பஞ்சமத்தில் ஹரிகாம்போஜி, தைவதத்தில் நடபைரவி. ஒரு துளையைக்கூடப் பாதி மூட வேண்டாம். ஐரிஷ் மெட்டுகளில் பலவும் இந்த வரிசைகளிலேயே போகின்றன, அதனால் அவை காதுக்கு அந்நியமாகவே தோன்றாது. கிரகபேதம், அதாவது ஆதார ஸ்வரத்தை மாற்றி வேறு ராகம் காண்பது, பழக இதைவிட எளிய கருவி எனக்குத் தெரியவில்லை.

சரி, உலோகமா, மரமா, பிளாஸ்டிக்கா? இதைப் பற்றி விசில்காரர்கள் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். என் அனுபவத்தில், குரலைத் தீர்மானிப்பது குழாயின் உள்விட்டம், காற்றுப்பாதையின் உயரம், சன்னலின் அளவு, விளிம்பின் சீவல் ஆகியவைதான். எதில் செய்தது என்பது அதற்கு அப்புறம். ஆனால் பொருள் வேறு வழிகளில் முக்கியம். பித்தளை கனம், கையில் நிற்கும். நாளடைவில் நிறம் மங்கும், விரலில் வாசம் ஒட்டும், சிலருக்குத் தோல் ஒத்துக்கொள்ளாது. அலுமினியம் லேசு. டெல்ரின் என்ற கடினப் பிளாஸ்டிக்கில் செய்தவை எண்ணெய் கேட்காது, வெடிக்காது. பயணம் அதிகம் போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். மரத்துக்குக் கவனிப்பு வேண்டும். கவனிப்பதே சந்தோஷம் என்று இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், அந்தச் சந்தோஷம் உண்மையானது. நான் அந்த ஒன்பது மாதத்தில் அதை அனுபவித்தேன்.

தனக்கான பரிசு என்றதும் பலர் லோ விசிலுக்குப் போகிறார்கள். அதன் கதை அழகானது. 1971ல் அயர்லாந்துக் கலைஞர் ஃபின்பார் ஃப்யூரி ஆசையாக வைத்திருந்த இந்திய மூங்கில் குழல்மீது யாரோ உட்கார்ந்து உடைத்துவிட, அதற்குப் பதிலாக பெர்னார்ட் ஓவர்ட்டன் என்ற ஆங்கிலேயர் அலுமினியத்தில் ஒன்று செய்து கொடுத்தார். இன்றைய லோ விசில் அங்கிருந்து வந்தது. லோ டி விசில் சாதாரண டிக்கு ஒரு ஸ்தாயி கீழே, நீளம் ஏறக்குறைய இரு மடங்கு. அதன் குரல் நெஞ்சைப் பிசையும். ஆனால் துளைகள் தள்ளித் தள்ளி இருக்கும். விரல் நுனியால் எட்டாது, விரலின் நடுக்கணுவால் மூடும் பிடியைப் புதிதாகப் பழக வேண்டும். என் தோழி ஒருத்தி பிறந்தநாளுக்கு வாங்கி, கைவலி தாங்காமல் அலமாரியில் வைத்துவிட்டாள். ஆசை லோ விசில்மேல்தான் என்றால் முதலில் நடுத்தரமான ஏ அல்லது ஜி விசிலில் கை விரியப் பழகுங்கள். அல்லது யாரிடமாவது ஒரு வாரம் கடன் வாங்கி ஊதிப் பாருங்கள். விரல் சொல்லிவிடும்.

சுருதி எது என்பதில் நான் நேரம் செலவழிக்கவில்லை. மற்றவர்களோடு ஐரிஷ் மெட்டு வாசிப்பதென்றால் டி. தனியாக ஊதுவதென்றால் சி விசில் டியைவிடக் கொஞ்சம் சாந்தமாக இருக்கும், பி ஃப்ளாட் இன்னும் இனிமை. மர விசிலைப் பெற்றுக்கொண்ட அந்த நண்பரோடு சேர்ந்து ஊத எனக்கு ஆசை இருந்ததால் டிதான்.

கடைசியில், தனியாளாக உட்கார்ந்து செய்கிற ஒரு கைவினைஞருக்கு எழுதினேன். பெரிய பெயர் பெற்ற விசில்களில் பல இப்படித் தனியாட்களின் பட்டறையில் பிறந்தவைதான். ஓவர்ட்டனின் வேலையைத் தொடர்ந்த கொலின் கோல்டி, பித்தளைக்குப் பேர்போன ஜான் சிண்ட், மரத்தில் கிறிஸ் ஏபெல் என்று வரிசை நீளும். இப்படிப்பட்டவர்களிடம் போகும்போது "உங்களிடம் சிறந்தது எது?" என்று கேட்பதில் பயனில்லை. நான் எழுதியது இதுதான். இரவில் வீட்டில் ஊதுகிறேன். மூச்சு சின்னது, நீண்ட வரிகள் பிடிக்கும். மேல் தைவதம் மெதுவாக நிற்க வேண்டும். கீழ் ஸட்ஜம் கொஞ்சம் மெலிந்தாலும் பரவாயில்லை. சுருதி சேர்க்க நகரும் தலை வேண்டும். திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள்? அவர் இரண்டு நாளில் பதில் போட்டார். ஒல்லிக் குழாய், காற்றுப்பாதை உயரம் குறைவு, மூச்சுக்குக் கொஞ்சம் எதிர்த்தடை இருக்கும், அதை எதிரியாக நினைக்காதீர்கள், சாய்ந்துகொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். அந்தக் கடைசி வார்த்தையை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நான்கு மாதம் காத்திருந்தேன். காத்திருந்ததும் நல்லதுதான், அதற்குள் ஏழு மெட்டு கூடிவிட்டது.

வந்த பெட்டியைப் பிரித்தபோது மனசு துள்ளவில்லை, மர விசில் அளவுக்கு அது அழகில்லை. வெறும் மஞ்சள் குழாய், ஒரு கோடுகூட அலங்காரம் இல்லை. ஆனால் துளைகளின் விளிம்பை விரல் நுனியால் தடவிப் பார்த்தேன். ஆறும் ஒரே மாதிரி, கூர் போக, உருட்டி விட்டதுபோல வழவழப்பு. விளக்கின்கீழ் பிடித்துக் காற்றுப்பாதைக்குள் பார்த்தால் ஒரு கோடு வெளிச்சம், முனை முதல் முனை வரை ஒரே தடிப்பில். ஒரு மனிதர் இதை எத்தனை தடவை கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன்.

முதல் வாரம் ஊதியபோது அது சரியாகவே வரவில்லை. பழைய பழக்கத்தில் நான் காற்றைக் கொட்டினேன், அது மூச்சைத் திருப்பித் தள்ளியது. அந்த எதிர்த்தடையில் சாய்ந்துகொள்வது என்பது பத்தாம் நாள்தான் புரிந்தது. மூச்சை வயிற்றில் நிறுத்தி, மெல்லிய நூல்போல விட்டால் போதும். மெதுவான மெட்டின் நீண்ட வரியை ஒரே மூச்சில் முடித்தேன், இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அன்று இரவு மேல் தைவதத்தில் நின்றுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து அறைக் கதவு திறந்தே இருந்தது. புது விசிலை ஒரு வாரத்தில் எடை போடாதீர்கள். ஆனால் திருப்பும் கெடுவையும் தாண்டவிடாதீர்கள். நான் காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிட்டு வைத்திருந்தேன், மூன்று நாள் முன்னதாகவே முடிவு செய்தேன்.

உயரம் குறைந்த காற்றுப்பாதைக்கு ஒரு விலை உண்டு. ஈரம் சீக்கிரம் கட்டும். சூடான மூச்சு குளிர்ந்த உலோகத்தில் பட்டுத் துளியாகிறது. முதல் வழி, ஊதுவதற்கு முன் தலைப்பகுதியை உள்ளங்கையிலோ சட்டைப்பைக்குள்ளோ ஐந்து நிமிடம் வைத்துச் சூடாக்குவது. நடுவில் அடைத்தால், சன்னலை விரலால் லேசாக மூடிக்கொண்டு ஒருமுறை பலமாக ஊதினால் சத்தமில்லாமல் துளி வெளியேறும். விளிம்பில் விரல் அழுந்தக் கூடாது. வாரம் ஒருமுறை, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து காற்றுப்பாதையில் விட்டுக் காயவைக்கிறேன். ஈரம் முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவி வழிந்துவிடுகிறது.

சூடாக்குவது சுருதிக்கும் வேண்டும். குழாய்க்குள் இருக்கும் காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும் (அரைச் சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குதான் சென்ட்). பத்து டிகிரி வித்தியாசம் என்றால் 30 சென்ட், அரைச் சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. குளிர்ந்த விசிலோடு சுருதி சேர்த்துவிட்டு ஊத ஆரம்பித்தால், இரண்டாவது மெட்டில் எல்லாரையும்விட நாம் மேலே நிற்போம். நகரும் தலை வேண்டும் என்று கேட்டது இதற்காகத்தான்.

பித்தளையைப் பளபளப்பாகத் துலக்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஆறு துளையைச் சுற்றியும் இப்போது விரல் பட்டுப் பழுப்பேறி வருகிறது. மோதிர விரல் வைக்கும் ஆறாவது துளையின் வலப்பக்கம் மட்டும் கொஞ்சம் அதிகமாக. நான் அந்த விரலைச் சரித்து வைக்கிறேன் என்பதே அதைப் பார்த்துத்தான் தெரிந்தது, இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த நண்பர் மர விசிலோடு வருகிறார். மரம் சூடேற நேரம் எடுக்கும், ஆரம்பத்தில் அவர் சுருதி கொஞ்சம் கீழே நிற்கும். நான் தலையை இரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கீழ் ஸ்தாயி அவருக்கு, மேல் ஸ்தாயி எனக்கு என்று பேசி வைத்திருக்கிறோம்.